‘ஆச்சுங்க’ பொத்தான்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் அம்மா காத்தூன் பீவி சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே சொன்ன மகராசி. பொய்யொன்றும் இல்லை. ஆறு வருடம் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். சாயம் போட்ட துணி வந்ததா, கட்டிங் முடிந்ததா, பிரின்டிங்கிலிருந்து பீஸ் திரும்பியதா என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை போனில் கேட்பதுதான் அந்த வேலை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். “ஆச்சுங்க மேடம்.” வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தால் பாதிகூட ஆகியிருக்காது.

அந்த எரிச்சலில்தான் வேலையை விட்டுவிட்டு ஆப் செய்ய இறங்கினேன். யோசனை ரொம்பச் சின்னது. ஒரு ஆர்டரில் யார் யாருக்கு என்ன வேலை என்று எல்லோர் போனிலும் ஒரே பட்டியல் இருக்கும். வேலையை முடித்தவர் பொத்தானை அமுக்க வேண்டும், அந்த வரி பச்சையாகிவிடும், மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம். போனே போட வேண்டாம். ‘வரிசை’ என்று பேர் வைத்தோம்.

நாங்கள் மொத்தம் மூன்று பேர். கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவன் ஆரோக்கியராஜ்; தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தையல்காரரின் மகன். திரையில் எது எங்கே வரவேண்டும் என்று வரைகிறவளும் செய்ததைச் சோதித்துப் பார்க்கிறவளும் ஜோதிகா, சாமளாபுரத்துப் பெண். தொழில் தெரிந்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு இருவரையும் விரட்டுகிறவள் மெஹ்ஜபின் ஆகிய நான். நல்லூரில் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மெஷின் ஓடினால் மேசையில் டீ டம்ளர் நடக்கும். எங்கள் சொந்த வேலைகளையும் வரிசையிலேயே போட்டு வைத்துக்கொண்டோம். சமைத்தவன் முதலில் தின்று பார்க்க வேண்டும் என்பது ஆரோக்கியராஜின் கட்சி.

பொத்தானில் ‘முடிந்தது’ என்று முதலில் எழுதியிருந்தோம். ஜோதிகா ஒத்துக்கொள்ளவில்லை.

“தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்குதுங்க்கா. இங்க யாருங்க அப்படிப் பேசறாங்க? ‘ஆச்சுங்க’ன்னு போடுங்க” என்றாள்.

போட்டோம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. ஆறு வருடமாக என் உயிரை வாங்கிய சொல்லை நானே பச்சைப் பெயின்ட் அடித்துப் பொத்தானாக்கியிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

வேலம்பாளையத்தில் கம்பெனி வைத்திருக்கும் ரத்தினசாமி அண்ணன், ஆப்பை ஓட்டிப் பார்க்க, பாதி வேலை நடந்துகொண்டிருந்த ஒரு ஆர்டரை எங்களுக்குத் தந்தார். பதினெட்டாயிரம் குழந்தை டி-ஷர்ட். வாங்குகிறவர்களின் ஆள் வந்து இன்ஸ்பெக்ஷன் செய்யும் நாள் சனிக்கிழமை. அதில் பாஸானால் அன்று சாயங்காலமே லாரி ஏற வேண்டும்.

“இந்த ஒண்ணுல ஒழுங்கா ஓட்டிக் காட்டுங்க கண்ணு. அப்பறம் கம்பெனி பூரா போட்டுக்கலாம். எங்க ஆளுக பத்துப் பேருகிட்ட நானே சொல்றேன்” என்றார்.

ஒவ்வொரு செக்ஷன் பொறுப்பாளர் போனிலும் வரிசையை ஏற்றிக் கொடுத்தேன். அரை மணிக்கு ஒரு தடவை அவரவர் பேரைச் சொல்லி ‘ஆச்சுங்களா?’ என்று அதுவே கேட்கும், முதலாளியும் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எச்சரிக்கையும் செய்தேன். நாலே நாளில் திரை மேலிருந்து கீழ்வரை பச்சையாகிவிட்டது. புதன்கிழமை காலையில் ரத்தினசாமி அண்ணன் போன் செய்து, எல்லாம்தான் ஆயிற்றே, இன்ஸ்பெக்ஷனை நாளைக்கே வரச் சொல்லிவிட்டேன் என்றார். நான் ஆபீஸில் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவரிடமிருந்து மறுபடி போன். “உடனே வாங்க” என்றார். கண்ணு என்று சொல்லவில்லை.

போனால் பேக்கிங் ஹாலில் அட்டைப்பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. முதல் பெட்டியில் எடுத்த பீஸிலேயே எண்ணெய்க்கறை, இரண்டாவதில் தொங்கும் நூல் பிசிறு. இன்ஸ்பெக்ஷன் ஆள் மூன்றாவது பெட்டியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாராம். சனிக்கிழமை ஒரு முறை வருவேன், அதுதான் கடைசி என்று சொல்லியிருக்கிறார். நடந்தது இதுதான். செக்கிங் பச்சையாக இருப்பதைப் பார்த்த அயர்னிங்காரர்கள் ரேக்கில் இருந்ததை எல்லாம் அள்ளித் தேய்த்திருக்கிறார்கள். அதைப் பேக்கிங்கில் பெட்டி போட்டுவிட்டார்கள். செக் செய்யாத பீஸும் செய்த பீஸும் ஒன்றோடொன்று கலந்து போயின.

நடுவில் செக்கிங் பொறுப்பாளர் ராமுத்தாய் நின்றுகொண்டிருந்தார். ஊர் சாத்தூர்ப் பக்கம். பன்னிரண்டு வருடம் மேசையில் நின்று பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர். அந்த மேசையிலிருந்து ஒரு பெண் சூப்பர்வைசரானது அந்தக் கம்பெனியில் அவர்தான் முதல், அதுவும் மூன்று மாதத்துக்கு முன்னால்தான். கழுத்தில் ‘சூப்பர்வைசர்’ என்று போட்ட புது அட்டை தொங்கியது. அதைக் கையால் மூடிக்கொண்டு நின்றார்.

ரத்தினசாமி அண்ணன் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். “பாருங்க. ராமுத்தாய், செவ்வாய்க்கெழம, மூணு நாப்பது. ‘ஆச்சுங்க’. எழுத்துலயே பொய் சொல்லியிருக்குதுங்க அந்தம்மா. திங்கக்கெழமையிலிருந்து பழைய மேசைக்கே போயிக்கட்டும். முடியலீன்னா ஊட்டுக்குப் போகட்டும்.”

எனக்குச் சுறுசுறுவென்று ஏறிவிட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ராமுத்தாயைக் கூட்டிக்கொண்டு போய், “ஆகாததை ஏங்க்கா ஆச்சுன்னு அமுக்குனீங்க? எங்க நாலு மாச உழைப்பு போச்சு!” என்று கத்தினேன்.

ராமுத்தாயக்கா அழவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

“அரைமணிக்கு ஒருக்கா எம்பேரச் சொல்லி ‘ஆச்சா ஆச்சா’ன்னு கேக்குது மேடம். மொதலாளி பாத்துக்கிட்டு இருப்பாகன்னு நீங்கதான் சொன்னீக. இல்லேன்னு சொல்ல அதுல எடமும் இல்ல. சனிக்கெழமைதான இன்ஸ்பெக்ஷனு, அதுக்குள்ள எப்பாடுபட்டாவது முடிச்சுப்புடுவோம்னு அமுக்கிட்டேன். மொதலாளி நேர்ல கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன். மூஞ்சிக்கு நேரா இல்லேன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல. இம்புட்டு வருசமா வாயில சொன்னது காத்தோட போச்சு. இது எழுதி வச்சுக்கிருச்சு.”

வண்டியை எடுத்துக்கொண்டு நல்லூர் வந்தேன். வந்த வேகத்தில் ஜோதிகா மேல் பாய்ந்தேன். “திரை வரையறது நீதானே? ‘இன்னும் ஆகலை’ன்னு சொல்ல ஒரு வழி வெக்கணும்னு தோணலையா உனக்கு? ஒரே ஒரு பொத்தானை வெச்சா ஜனங்க வேற எதை அமுக்கும்?”

ஜோதிகா தலையைக் குனிந்துகொண்டாள். ஆரோக்கியராஜ் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தான். எங்கள் சொந்தப் பட்டியல். மூன்று வாரத்துக்கு முன்னால் ஜோதிகா போட்டிருந்த ஒரு வேலை அதில் இருந்தது: ‘வேலை ஆகவில்லை என்பதைக் கம்பெனி ஆட்கள் எப்படிச் சொல்ல விரும்புவார்கள்? ஐந்து பேரை நேரில் கேட்டு வரவும்.’

பொறுப்பு: மெஹ்ஜபின். நிறம் பச்சை.

நான் ஒருவரைக்கூடக் கேட்டிருக்கவில்லை. அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருந்தது. “அக்கா, அது ஆச்சா?” என்று ஆரோக்கியராஜ் கேட்டான். தொழில் தெரிந்தவள் நான், இன்னும் இல்லை என்று இந்தப் பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. மத்தியானம் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று பொத்தானை அமுக்கினேன். அந்த மத்தியானம் வரவே இல்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலையில் நாற்காலியில் உட்கார்ந்தேன். காது மடல் வரைக்கும் சுட்டது.

“நாந்தான் மறுபடி கேட்டிருக்கணும்க்கா. பச்சையாப் பாத்ததும் விட்டுட்டேன்” என்றாள் ஜோதிகா. அவள் திட்டியிருந்தாலும் தேவலை.

“அந்தம்மா மேல தப்பில்லைன்னு ரத்தினசாமி அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லிருவோமா?” என்றேன்.

ஆரோக்கியராஜ் யோசித்தான். “சொன்னா ஆப்புதான் தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிரும்க்கா. அவரு தூக்கிப் போட்டுட்டாருன்னா இந்த ஊர்ல வேற யாரும் தொட மாட்டாங்க.”

“சொல்லாட்டி அந்தக்கா மூணு மாசத்துக்கு முன்னால ஏறுன எடத்துல இருந்து எறங்கோணும். நம்ம பொத்தானால” என்றாள் ஜோதிகா.

ஆரோக்கியராஜ் லேப்டாப்பை மூடி என் கையில் கொடுத்தான். “கொண்டு போய்க் காட்டுங்க.”

ரத்தினசாமி அண்ணனின் அறையில் நின்றபடியே எங்கள் பட்டியலைத் திறந்து, என் பேர் இருந்த வரியைக் காட்டினேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். “ராமுத்தாயக்கா பொய் சொல்லலீங்ணா. நான் செஞ்சதைத்தான் அவங்களும் செஞ்சாங்க. அவங்களைக் கேட்டுட்டு அப்புறமா ஆப் பண்ணியிருக்கோணும். நான் கேக்கவே இல்லைங்ணா.”

“அப்ப உங்க ஆப் சரியில்லைன்னு நீங்களே சொல்றீங்க.”

“ஆமாங்ணா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தலையைக் குனிந்தேன். குனிந்த இடத்தில், அவர் மேசை மேல், பழுப்புக் கவர் ஒன்று ஒட்டுப் பிரிக்காமல் கிடந்தது. மேலே ‘கார்ட்டன் ஸ்டிக்கர் சாம்பிள்’ என்று எழுதியிருந்தது. பெட்டி மேல் ஒட்டும் ஸ்டிக்கரைப் பார்த்துச் சம்மதம் சொல்வது வரிசையில் முதலாளி பேரில் இருந்த ஒரே வேலை. திங்கட்கிழமையே பச்சையாகியிருந்தது.

சொல்லலாமா? ஒரு முதலாளியிடம், அவர் அறையிலேயே, மன்னிப்புக் கேட்க வந்தவள் சொல்கிற சொல்லா அது? ஆனால் என் வாயைப் பற்றித்தான் என் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரே.

“அண்ணா, கோவிச்சுக்காதீங்க. உங்க பேர்லயும் ஒரு ‘ஆச்சுங்க’ இருக்குதுங்ணா” என்று கவரைக் காட்டினேன்.

அவர் கவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கவரைப் பார்த்தார். போச்சுடா என்று நினைத்தேன். அவர் கவரை எடுத்து மெதுவாகக் கிழித்தார்.

“அன்னிக்குப் பெருந்துறையில ஒரு கல்யாணத்துல இருந்தனுங்க. தாலி கட்டற நேரத்துல பாக்கெட்டுக்குள்ள டிங்கு டிங்குன்னு ஒரே ரோதனை. பக்கத்துல சம்பந்தி வேற பாக்கறாரு. அமுக்கி வெச்சுட்டேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்து, மூக்கு வழியாக வந்தது. அவரும் சிரித்துவிட்டார். நல்லவேளை, ஸ்டிக்கர் சரியாக இருந்தது. சிரித்து முடித்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

“சனிக்கெழம வரைக்கும் பாக்கறேன். பாஸாச்சுன்னா அந்தம்மாவும் இருக்கட்டும், உங்க ஆப்பும் இருக்கட்டும். ஆகலீன்னா ரெண்டும் வேண்டாங்க.”

அங்கிருந்து நேராக செக்கிங் மேசைக்குப் போனேன். ராமுத்தாயக்கா பெட்டியிலிருந்து எடுத்த பீஸ்களைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்க வேண்டியதை அப்போது கேட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு கேள்வியைக் கேட்டேன். அவர் கத்தரியை நிறுத்தாமலே சொன்னார்.

“ஆச்சான்னு கேக்காதீக மேடம். ஆச்சான்னு கேட்டா மரியாதைக்கு ஆச்சுன்னுதான் வாயில வரும். எம்புட்டுப் பாக்கின்னு கேளுங்க. பாக்கி இருக்குன்னு சொன்னா அது யாரையும் எதுத்துப் பேசுறதில்லல்ல? எண்ணிப் பாத்து உள்ளதச் சொல்லிப்புட்டுப் போவோம்.”

அவ்வளவுதான். நாங்கள் மூன்று பேர் நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது அந்த அம்மாவின் கத்தரி நாலு பிசிறு வெட்டும் நேரத்தில் தீர்ந்துவிட்டது. இருந்தாலும் ஐந்து பேரைக் கேட்பது என்றால் ஐந்து பேர்தான் என்று கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் நான்கையும் சுற்றிக் கேட்டேன். எல்லோரும் அதையே விரும்பினார்கள். “அட, அது பரவால்லீங்களே, நெம்பர் போடறதுக்கு என்னங்க கூச்சம்” என்றார் அயர்னிங் பொறுப்பாளர் செங்கோட்டையன்.

ஆரோக்கியராஜுக்குப் போன் செய்தேன். “பொத்தானைத் தூக்கிருடா. ஒரு கட்டம் மட்டும் வை. எத்தனை பாக்கி? அது பூஜ்யம் ஆனா அதுவே பச்சையாகட்டும். அந்த அரைமணி டிங்கு டிங்கையும் நிறுத்து.”

“ஏ யப்பா, இதை முதல்லயே சொல்லக் கூடாதாக்கா?”

“முதல்லயே கேக்கலைடா” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் ஆரம்பிக்கும்போது புது வரிசை எல்லோர் போனிலும் இருந்தது. கலந்துபோன பெட்டிகளில் இன்னும் பார்க்க வேண்டியதை ராமுத்தாயக்கா எண்ணிச் செக்கிங் கட்டத்தில் போட்டார்: 6,240. அதைப் பார்த்து ரத்தினசாமி அண்ணன் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். ஒன்பது பெண்கள் நாள் முழுக்க நிமிராமல் பார்த்தாலும் நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டாது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆள் வந்துவிடுவார். கணக்கு இடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு உண்மையான எண் எல்லோர் கண்ணிலும் பட்டது அன்றுதான் முதல் தடவை.

பத்து மணிக்கு செங்கோட்டையன் தன் ஆட்கள் ஐந்து பேரோடு செக்கிங் மேசைக்கு வந்து நின்றார்.

“எங்குளுக்கு பீஸு வராம சும்மாதானுங்க உக்காந்திருக்கறோம். உங்குளுக்கு ஆறாயிரம் பாக்கின்னு போன்ல காட்டுது. பிசிறு வெட்டிக் குடுக்கட்டுங்களா?”

ராமுத்தாயக்கா நகர்ந்து இடம் விட்டார். அடுத்து தையலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மத்தியானம் ஜோதிகாவும் ஆரோக்கியராஜும் பஸ் பிடித்து வந்து கத்தரி வாங்கிக்கொண்டார்கள். நானும் உட்கார்ந்தேன். நான் பார்த்து முடித்த அடுக்கிலிருந்து ராமுத்தாயக்கா எட்டு பீஸைத் திருப்பி என் மடியில் போட்டார்.

“மேடம், கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க.”

“நான் கண்ணாடி போடறதில்லீங்க்கா.”

“அதான் சொல்லுதேன். போடுங்க.”

மேசை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எண் இறங்க இறங்க எனக்குள் ஒரு சந்தோஷம் ஏறிக்கொண்டே இருந்தது. ஷிப்ட் முடியும்போது கட்டத்தில் 1,105 இருந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்கே எல்லோரும் வந்துவிட்டோம். பத்து நாற்பதுக்கு ரத்தினசாமி அண்ணன் ஹாலுக்குள் வந்தார். கூடவே இன்ஸ்பெக்ஷன் ஆள். இருபது நிமிடம் முன்னாலேயே வந்து நிற்கிறார். முதலாளியின் முகத்தில் பதற்றம். போனைப் பார்க்கக்கூடத் தோன்றாமல், பழைய பழக்கத்தில் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

“ராமுத்தாயி, ஆச்சா?”

மேசையைச் சுற்றி எல்லாக் கத்தரியும் நின்றது. ‘ஆச்சுங்க’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கையில் மிச்சம் இருப்பதை மடித்து அடியில் செருகிவிடலாம், யாருக்கும் தெரியாது. சொல்லிவிடாதீங்கக்கா, சொல்லிவிடாதீங்க என்று மனசு அடித்துக்கொண்டது. ராமுத்தாயக்கா கழுத்து அட்டையைச் சரியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“இல்ல மொதலாளி. பதினாலு பாக்கி.”

“பதினாலா?”

ராமுத்தாயக்கா கையில் இருந்த பீஸைத் திருப்பிப் பார்த்து, பிசிறை வெட்டி, அடுக்கில் வைத்தார். “இப்பப் பதிமூணு.”

ரத்தினசாமி அண்ணன் இன்ஸ்பெக்ஷன் ஆளின் தோளில் கை வைத்துத் திருப்பினார். “வாங்க சார், ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்லாம். இங்க பதிமூணு பாக்கி இருக்குதுங்க.” வாசலுக்குப் போனவர் திரும்பி, “பொறுமையாப் பாரும்மா” என்றார். நான் பீஸை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். கறை பட்டுவிடும் என்று ஜோதிகா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

இரண்டரை மணிக்கு பாஸ் என்று கையெழுத்தானது. ஆறு மணிக்கு லாரி கிளம்பியது. ராமுத்தாயக்கா திங்கட்கிழமையும் அதே அட்டையோடு அதே இடத்தில் நின்றார்.

அந்தத் திங்கட்கிழமை கம்பெனியின் மற்ற ஆர்டர்கள் ஒன்பதையும் வரிசையில் ஏற்றும் வேலை எங்களுக்கு வந்தது. பட்டியலில் என் பேரில் போட்டிருந்தது. மத்தியானம் ஆரோக்கியராஜ் திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

“அக்கா, எத்தனை பாக்கி?”

காலையிலிருந்து மூன்று பேரிடம் போனில் சண்டை போட்டதுதான் நான் செய்திருந்த வேலை.

“ஒன்பதும் பாக்கிடா” என்றேன், சத்தமாகவே.

கீழே மெஷின் ஓடத் தொடங்கியது. ஜோதிகா நடந்துபோன டீ டம்ளரைப் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை என் மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

“மூணு எனக்குக் குடுங்க்கா” என்றாள்.